டெல்டா என்ற சொல் எங்கிருந்து வந்தது?

"டெல்டா மாவட்டம் என்கிறோமே, அது தமிழா, ஆங்கிலமா?" என்ற கேள்விக்கு: இரண்டும் இல்லை, கிரேக்கம். அவர்களின் நான்காம் எழுத்து; பார்க்க முக்கோணம். மத்தியதரைக் கடலோரத்துப் பழங்கால வணிகர்களான பினீசியர்களின் 'தாலெத்' எழுத்திலிருந்து வந்தது. அதற்குக் கதவு என்று பொருள்.

நைல் கழிமுகத்தின் முக்கோண நிலத்தை கிரேக்கர்கள் அந்த எழுத்தால் அழைத்தார்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். பிறகு இதுபோன்ற மற்ற ஆற்றுக் கழிமுக நிலங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நம்மூர் முக்கோணம் படுத்துக் கிடக்கிறது. முனை, திருச்சிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு. அடிப்பக்கம், கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரையிலான கடற்கரை.

கணக்கில் 'டெல்டா எக்ஸ்' என்றால் எக்ஸ் எவ்வளவு மாறியது என்பது. அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த டெல்டா மோட்டார் கொட்டகையில் இருக்கிறது: மோட்டாரை ஓடவிடும் பெட்டியான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகும். சில விநாடியில் 'டக்'கென்று ஒரு சத்தம், அப்புறம் முழு வேகம். அதுவரை ஒரு புள்ளியில் சேர்ந்திருந்த (அதுதான் ஸ்டார்) மூன்று காயில்களும் உள்ளே முக்கோணமாக (டெல்டா) இணையும் நொடிதான் அந்த 'டக்'. எடுத்த எடுப்பில் டெல்டாவில் போட்டால், ஸ்டாரில் இழுப்பதைப்போல மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும், ஃபியூஸ் தாங்காது.