ஊசி போட்டது 2019இல், சீழ் வைத்தது இப்போது: யார்மீது வழக்கு?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். 2019இல் பெங்களூரில் ஓர் அழகு மையத்தில், பின்புறம் எடுப்பாகத் தெரிய ஜெல் ஊசி போட்டுக்கொண்டேன். கட்டணம் 85,000 ரூபாய். 2022 முதல் லேசான வலி. சில மாதங்களுக்கு முன் கட்டி சீழ் வைத்தது. சேலத்தில் இரண்டு முறை அறுவை செய்தும் ஜெல் முழுவதும் வரவில்லை. அறுவை செய்த மருத்துவர்மீது வழக்குப் போடச் சொல்கிறார் அண்ணன்.

பதில்: அண்ணனின் கோபம் நியாயம்தான், ஆள்தான் தவறு. நீங்கள் அனுப்பிய திசுப் பரிசோதனை அறிக்கையில் பாலிஅக்ரிலமைடு என்று இருக்கிறது. சீனா 2006இலேயே தடை செய்த ஜெல் இது. கரையாது, ஆண்டுக்கணக்கில் தசைக்குள் ஊடுருவிக் கிடக்கும். மிச்சமின்றி எடுக்க நினைத்தால் நல்ல தசையையும் வெட்ட வேண்டியிருக்கும். மிச்சம் விட்டதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. சேலத்து மருத்துவர் உங்கள் எதிராளி அல்லர், சாட்சி. அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

அழகு மையத்தின் ரசீதைப் பாருங்கள்: ‘உடல் பராமரிப்பு பேக்கேஜ்’ என்ற ஒற்றை வரி. என்ன மருந்து, யார் போட்டார், எதுவும் இல்லை. போட்டவர் பதிவு பெற்ற மருத்துவரே இல்லையென்றால் அது தனிக் குற்றம். மருத்துவரே என்றாலும், ஆபத்தை விளக்காமல் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிக்கல் காலவரம்பில்தான். நுகர்வோர் சட்டத்தில் இரண்டு ஆண்டுகள். உள்ளே மறைந்திருந்த கேடு தெரியவந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடலாம். ஆனால், வயிற்றுக்குள் துணிச்சுருள் விட்டுப்போன ஸ்ரீகண்டே வழக்கில் (2010), மருத்துவர்மீது வழக்குப் போட்ட பெண் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். செவிலியராக இருந்தும் ஒன்பது ஆண்டு வலியைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தது ஏன் என்று கேட்டார்கள். உங்களிடமும் 2022ஐப் பற்றிக் கேட்பார்கள். அப்போது யாரிடம் காட்டினீர்கள், என்ன மாத்திரை தந்தார்கள் என்ற சீட்டைத் தேடி எடுங்கள். அந்த வலியை மறைக்க வேண்டாம். தாமதத்தைப் பொறுத்து வழக்கை ஏற்கும்படி கேட்கும் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்தே போடலாம்.

வழக்குக்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை.

அதற்கு முன் ஒரு வேலை. பரிசோதனைக் கூடத்தில் உங்கள் திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அதை அப்புறப்படுத்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கே போங்கள்.