தன் காலையே கடித்துப் புண்ணாக்கும் நாய்: செவலையை எப்படி மீட்பது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மொட்டை மாடியில் இரண்டு ஆண்டுகள் குட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடந்த பெண் நாட்டு நாயை ஐந்து மாதங்களுக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெயர் செவலை. குக்கர் விசில் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது. வந்த நாள் முதல் இடது முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிவிட்டது. சில இரவுகளில் வாலைத் துரத்திக் கடிக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினோம், அதட்டினோம், வாயைக்கூடக் கட்டிப் பார்த்தோம். வெறிநோயாக இருக்குமோ என்று மாமியார் பயப்படுகிறார். இது மாறுமா?"

மாறும். ஆனால் மாதக் கணக்காகும். முதலில் உங்கள் மாமியாரின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வெறிநோய் கண்ட நாய் தன் உடலையே கடித்துக்கொள்வது உண்டு. அதனால் அவர் பயந்ததில் தவறில்லை. ஆனால் வெறிநோயின் அறிகுறிகள் தொடங்கிவிட்டால், நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். ஐந்து மாதமாக நக்கிக்கொண்டிருக்கும் செவலைக்கு இருப்பது அந்த நோய் அல்ல. தடுப்பூசி போட்டதற்கான அட்டை கையில் இல்லையென்றால் மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

வாயைக் கட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. திருச்சி வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. அதட்டலும் வேண்டாம். செவலை வீம்புக்காக நக்கவில்லை. மாடியில் ஓட இடமில்லை, ஒளிய இடமில்லை. பயம் வந்தபோது அதன் வாய்க்கு எட்டியது அதன் கால் ஒன்றுதான். நக்கும்போது கொஞ்சம் அமைதி கிடைத்தது, அதுவே பழக்கமாகிவிட்டது. இப்போது புண்ணே அரிப்பதால் மறுபடி நக்குகிறது. அந்த ஒரே ஆறுதலையும் அதட்டிப் பறித்தால், நாளை வேறோர் இடத்தைக் கடிக்கும்.

மனத்துக்கான வேலையைத் தொடங்கும் முன் உடலைப் பார்த்துவிட வேண்டும். 'பயந்த நாய், அதனால்தான் நக்குகிறது' என்று நாமே முடிவுகட்டி, உள்ளே இருக்கும் வலியைத் தவறவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, ஒவ்வாமை, மூட்டுவலி, காலுக்குள் ஏறிய முள் என எதுவும் காரணமாக இருக்கலாம். வாலைக் கடிப்பதற்கு இடுப்பு எலும்பு வலியோ, ஆசனவாய்க்குப் பக்கத்தில் உள்ள சுரப்பிப் பைகளின் அடைப்போகூடக் காரணமாகலாம். தரையைத் துடைக்கும் பினாயில்கூடப் பாதத்தைப் புண்ணாக்கும். நக்கித் தடித்த புண்ணில் கிருமி ஆழமாக இறங்கியிருக்கும். மேலே தடவும் களிம்பு அதற்குப் போதாது, பல வாரங்கள் மாத்திரை தேவைப்படலாம். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் அது நக்கி விழுங்கிவிடும் என்பதால் அவையும் வேண்டாம். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உள்ளூர் மருத்துவருக்குப் பிடிபடாவிட்டால் அங்கே காட்டுங்கள். கழுத்தில் மாட்டும் கூம்பு புண் ஆறுவதற்கு அவகாசம் தரும், அவ்வளவுதான். அதை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்தினால், கழற்றிய அன்றே நக்கல் தொடங்கிவிடும்.

அடுத்து, கைப்பேசியில் படம் பிடியுங்கள். நக்குவதை அல்ல, நக்கத் தொடங்குவதற்கு முந்தைய அரை நிமிடத்தை. என்னிடம் வந்த ஒரு வெள்ளை நாயின் முன்னங்காலில், எச்சில் பட்டுப் பட்டு முடி துருவின் நிறத்துக்கு மாறியிருந்தது. 'காரணமே இல்லாமல் நக்குகிறது' என்றார்கள் வீட்டில். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வெளியே இரும்புக் கேட் கிறீச்சிடுகிறது. நாயின் காது பின்னால் ஒட்டிக்கொள்கிறது. தூக்கமே இல்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி. மூக்கை ஒருமுறை நக்கிக்கொள்கிறது. வாசலைப் பார்க்கிறது. அதன் பிறகுதான் கால். கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்ட வாரமே நக்கல் குறையத் தொடங்கியது.

செவலைக்கு இப்போதைக்குத் தெரிந்த காரணம் குக்கர். சில வாரங்களுக்குச் சோற்றை வடித்துச் சமைக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால், விசில் வரும் நேரத்தில் யாராவது அதை வெளியே நடத்திக்கொண்டு போகட்டும். இதற்கிடையில் விசில் சத்தத்தைப் பதிவுசெய்து, பக்கத்து அறையில் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு ஒலிக்கவிடுங்கள். சத்தம் கேட்டதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி அல்லது முட்டை. சத்தம் முதலில், தீனி பிறகு. வரிசை மாறினால், தீனியைக் கண்டாலே பயப்படப் பழகிவிடும். தீனியை வாங்க மறுத்தால் சத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள். ஒருநாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். அங்கேயே பழைய போர்வை ஒன்றை விரித்து, அந்த இடத்தை அதற்கே கொடுத்துவிடுங்கள். நடுங்கும்போது தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். தடவினால் பயம் வளரும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சாப்பாடு, நடை, உறக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிவதே இப்படிப்பட்ட நாய்க்குப் பெரிய மருந்து. நடக்கும்போது அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். மாலையில் கிண்ணத்தில் தயிரை ஊற்றி, ஃப்ரீசரில் கட்டியாக உறையவைத்துக் கொடுங்கள். காலுக்குப் பதிலாக அதை நக்கட்டும்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையென்றால் மருந்து கேட்கத் தயங்காதீர்கள். ஃப்ளுவாக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்றவை நாய்களின் பதற்றத்துக்குத் தரப்படுபவைதான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. இவை கொடுக்கும் காலத்தில் உண்ணிக்காக அமிட்ராஸ் கலந்த மருந்தில் குளிப்பாட்டாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரை, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுக்க வேண்டாம்.

நன்றாகத் தேறிவரும்போது ஒருநாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போலத் தோன்றும். 1924இல் ரஷ்யாவின் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது, நாய்களைப் பழக்கி ஆராய்ந்த விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் மூழ்கும் நிலைக்குப் போய் மீட்கப்பட்டன. பயிற்சியில் கற்றதைச் சில நாய்கள் மறந்தே போயின. அவற்றில் ஒன்று மெல்லத் தேறியது. பிறகு கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் அது மறுபடி நிலைகுலைந்தது. செவலைக்கும் ஒரு வெடிச்சத்தம், ஒரு சங்கிலி உரசும் ஒலி அப்படி ஆகலாம். அன்று பயிற்சியை நிறுத்தி, இரண்டு நாள் சும்மா இருக்கவிட்டு, சற்றுக் குறைந்த சத்தத்திலிருந்து தொடங்குங்கள். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

புண்ணின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது தூங்கும் விதத்தைப் பாருங்கள். இப்போது சுருண்டு, வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கும் என்று நினைக்கிறேன். நடுக்கூடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு காலையும் நீட்டி அது தூங்கும் மதியத்தைக் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள்.