நூறு பிட் டப்பா எதற்கு? வீட்டு டூல் பாக்ஸுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிட்: கேள்வி பதில்

ஓசூர் சிப்காட்டில் அசெம்பிளி லைன் டூல் ரூமில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்து ஆட்களும் பிட், அதாவது ஹோல்டரிலோ மிஷினிலோ மாட்டி ஸ்க்ரூ திருப்பும் கழற்றி மாற்றக்கூடிய நுனித் துண்டு, வாங்குவது பற்றிக் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கரண்ட் சம்பந்தப்பட்ட கேள்வி கடைசியில்தான் வந்தது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, சுவிட்ச் போர்டு, எம்சிபி எல்லாம் கழட்ட பிட் ஹோல்டரே போதுமா? கைப்பிடி பிளாஸ்டிக்தானே?

வேண்டாம் தம்பி. பிட்டும் ஹோல்டர் தண்டும் வெறும் இரும்பு. ஸ்க்ரூவை அழுத்தும்போது விரல் தானாகத் தண்டுக்குப் போய்விடும். கரண்ட் வேலைக்கென்றே நுனி வரைக்கும் இன்சுலேஷன் உறை போட்ட, 1000 வோல்ட் என்று அச்சடித்த திருப்புளி தனியாக விற்கிறது. அதில் பட்டை ஒன்று, பிளஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். அது கையில் இருந்தாலும் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். அந்த டெஸ்டரையே திருப்புளியாக வைத்து முறுக்காதீர்கள். அதன் நுனி இறுக்குவதற்கு ஆனதல்ல.

தர்மபுரி: ஆன்லைனில் 100 பிட் செட் மலிவாக் கிடைக்குது. வாங்கிப் போட்டா ஆயுசுக்கும் ஆகும்தானே சார்?

ஆகும், அதில் 90 பிட் பெட்டியைவிட்டு வெளியே வராது என்பதால். வீட்டில் திரும்பத் திரும்பக் கைக்கு வருவது பிஎச்2 என்கிற நடுத்தர பிளஸ். அந்த டப்பாவில் அது இரண்டோ மூன்றோ இருக்கும், ஒரு பீரோ மாட்டி முடிப்பதற்குள் நுனி உருண்டுவிடும். மிச்சம் இருப்பதெல்லாம் மூன்று காது, நடுவில் ஓட்டை உள்ள நட்சத்திரம் என்று, நீங்கள் பார்க்கவே போகாத ஸ்க்ரூக்களுக்கானவை.

அதே காசுக்கு நல்ல கம்பெனி பிஎச்2 நாலு, பிஎச்1 ஒன்று, பிஇசட்2 (இது என்னவென்று கீழே சொல்கிறேன்) இரண்டு, ஆறு முனை டார்க்ஸில் டி20, டி25 ஒவ்வொன்று, 4, 5 மில்லிமீட்டர் ஆலன் பிட் ஒவ்வொன்று, காந்தம் வைத்த ஹோல்டர் ஒன்று எடுங்கள். பிட் தேயும் பொருள். லைனில் ஏர் டிரைவர் ஓட்டும் பையன்கள் நுனி மழுங்கிய அன்றே பிட்டைத் தூக்கிப் போடுவார்கள். வீட்டில்தான் மழுங்கிய பிட்டை வைத்துக்கொண்டு நல்ல ஸ்க்ரூவைக் கெடுக்கிறோம்.

கடையில் பார்க்கும்போது நுனியை வெளிச்சத்தில் பிடியுங்கள். நாலு இறக்கையும் ஒரே கனத்தில், ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். பளபளவென்று குரோமியம் பூசி ஓரமெல்லாம் உருண்டு தெரிந்தால் விட்டுவிடுங்கள். நல்ல பிட் பல சமயம் மங்கலாக, சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் வாங்கிய பிட் ஒன்றின் தண்டில் சின்ன அரத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதம் சரியாக இருக்கிறது. கரகரவென்று கடித்துப் பொடி உதிர்ந்தால் பச்சை இரும்பு.

பர்கூர்: மாடுலர் கிச்சன் கீல் ஸ்க்ரூ எல்லாத்துலயும் பிட் வழுக்குதுங்க. புது பிட்தான், நல்ல கம்பெனிதான். அப்புறம் ஏன்?

பிட் நல்லது, ஆனால் அந்த ஸ்க்ரூவுக்கு உரியது இல்லை. கீல் ஸ்க்ரூ மண்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளஸ் குறிக்கு நடுவே, 45 டிகிரியில் நாலு மெல்லிய கோடு தெரிகிறதா? அது பிஇசட், போசிடிரைவ். ஐரோப்பிய வழி கீல், டிராயர் சேனல்களில் பெரும்பாலும் இதுதான் வரும். நம் கடைகளில் நாலு முனை எதுவானாலும் “ஸ்டார்” என்று கொடுத்துவிடுவார்கள், ஆறு முனை டார்க்ஸுக்கும் அதே பெயர்தான். அதனால் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வேறு. பிஎச், அதாவது பிலிப்ஸின் இறக்கைகள் நுனிக்குப் போகப் போகச் சரிவாக ஒடுங்கும். முறுக்கு கூடினால் அந்தச் சரிவே பிட்டை மேலே தள்ளிவிடும். 1930களில் அமெரிக்கக் கார் கம்பெனி லைன்களில் பரவிய வடிவம் அது. போசிடிரைவில் பக்கச் சுவர் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் அவ்வளவு சுலபமாக வெளியே தள்ளாது. போசிடிரைவ் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் பிட் உட்காரும், உட்கார்ந்த மாதிரி நடிக்கும். பிட்டைச் செருகிக் கையால் லேசாக இடவலமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மிஷினை ஓட்டாதீர்கள். பிஇசட்2 போட்டுப் பாருங்கள், டக்கென்று பிடிக்கும்.

இன்னொன்று: முறுக்குவதைவிட அழுத்துவதில்தான் பலம் அதிகம் போக வேண்டும். பிட்டும் ஸ்க்ரூவும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். கிச்சன் கீழ் அலமாரிக்குள் சாய்ந்து படுத்துக்கொண்டு ஒரு கையால் மிஷின் பிடித்தால் எந்த பிட்டும் வழுக்கும்.

ஓசூர்: எஸ்2, சிஆர்-வி, டைட்டானியம்னு போட்டிருக்கே, எது எடுக்கலாம்?

எஸ்2 என்பது அதிர்ச்சி தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு. பிட்டுக்கு அதுதான் நல்லது. பதம் 58 முதல் 62 எச்ஆர்சி (எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவு) வரை வைப்பார்கள். சிஆர்-வி, குரோம் வனேடியம், ஸ்பானருக்கும் கைத்திருப்புளிக்கும் அருமை. மிஷினில் ஓட்டினால் சீக்கிரம் தேயும். கடினம் கூடினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம், அளவுக்கு மீறினால் நுனி படக்கென்று உடையும். தங்க நிறம் நிஜ டைட்டானியம் நைட்ரைடு பூச்சாகவும் இருக்கலாம், வெறும் சாயமாகவும் இருக்கலாம். அடியில் இருக்கும் இரும்பு மட்டமாக இருந்தால் பூச்சு எதையும் காப்பாற்றாது. எஸ்2 என்று அச்சடிப்பதும் எவருக்கும் சுலபம், ஆகவே அரத்தை நம்புங்கள்.

அரூர்: இம்பாக்ட் டிரைவர் வாங்கினேன் அண்ணே. பிட் பட்டுபட்டுன்னு ஒடியுது.

முதலில் ஒன்று: சுவரில் ஓட்டை போடும் இம்பாக்ட் டிரில் வேறு, இம்பாக்ட் டிரைவர் வேறு. டிரில் முன்னாடி இடிக்கும், டிரைவர் சுற்றும் பக்கமாக அடிக்கும். அந்த அடிக்கு 25 மில்லிமீட்டர் சாதா பிட் தாங்காது. நடுவில் இடுப்பு ஒடுங்கி, “இம்பாக்ட்” என்று போட்ட 50 மில்லிமீட்டர் பிட் எடுங்கள். அந்த ஒடுங்கிய இடம் கொஞ்சம் முறுகிக் கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். தண்டு எல்லாவற்றுக்கும் ஒரே கால் அங்குல ஆறு பட்டைதான், 6.35 மில்லிமீட்டர். ஆனால் டிரைவரின் வாய் கவ்விப் பிடிக்க, தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்க வேண்டும்.

பாலக்கோடு: அப்பாவோட பழைய யமஹா இன்ஜின் கவர் பிளஸ் ஸ்க்ரூ எதைப் போட்டாலும் மழுங்குது.

பழைய ஜப்பான் டிசைன் வண்டிகளில் பிளஸ் ஸ்க்ரூ பிலிப்ஸ் போலத் தெரிந்தாலும் ஜப்பானுக்கென்று உள்ள ஜேஐஎஸ் அளவில் இருக்கும். பல மண்டைகளில் அடையாளமாக ஒரு சின்னப் புள்ளிக் குழி இருக்கும். பிலிப்ஸ் பிட் அதன் அடி வரை இறங்காது. ஜேஐஎஸ் பிட் வாங்குங்கள், ஒசாகாவின் வெசல் கம்பெனி அதில் பேர்போனது. துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு முதல் நாள் ராத்திரி எண்ணெய் விட்டுவைத்து, சுத்தியலால் தட்டினால் சுற்றும் கை இம்பாக்ட் டிரைவரை உபயோகியுங்கள்.

ஊத்தங்கரை: காந்த பிட் வாங்கலாமாங்க?

ஹோல்டரில் காந்தம் இருந்தால் போதும்மா. பிட்டில் ஒட்டும் இரும்புத் தூளை மட்டும் அடிக்கடி துடையுங்கள், இல்லாவிட்டால் அது மண்டைக்குள் அடைந்துகொண்டு பிட்டைச் சரியாக இறங்க விடாது.

பென்னாகரம்: ஏற்கெனவே மண்டை மழுங்கின ஸ்க்ரூவை எப்படிக் கழட்டுறது?

புது பிட் போட்டு நன்றாக அழுத்தி, மிஷின் இல்லாமல் கையால் திருப்புங்கள், பாதி வந்துவிடும். வராவிட்டால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை நுனியில் துளி வையுங்கள். அதில் இருக்கும் மணல் போன்ற துகள் பிடிப்புக் கொடுக்கும். மண்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் பிளையர் வேலையை முடித்துவிடும்.

தேன்கனிக்கோட்டை: தாத்தா காலத்துத் தேக்குக் கதவு, கீல்ல பட்டை ஸ்க்ரூ. அதுக்கு எந்த பிட்?

மிஷின் பக்கமே போக வேண்டாம். பட்டை பிட் சுற்றும்போது ஒரு பக்கமாக நழுவித் தேக்கில் கோடு இழுத்துவிடும். கைத்திருப்புளியில், வெட்டின் நீளத்துக்குச் சமமான அகலமும் அதன் கனமும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுக்குள் பல தலைமுறைப் பெயிண்ட் அடைந்திருக்கும். உடைந்த ஹேக்ஸா பிளேடின் முனையால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்தபின் திருப்புங்கள். திரும்பப் போடும்போது ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்து உள்ளேயே துரு பிடிக்க வைக்கும்.