பூந்திக்கொட்டையால் துணி துவைக்கலாமா? உடம்புக்கும் தேய்த்துக் குளிக்கலாமா?

இரண்டும் செய்யலாம். ஆனால் பக்குவம் வேறு.

நுரை தருவது விதையல்ல, மேல்தோலில் இருக்கும் சபோனின் என்ற இயற்கைப் பொருள். அதனால் உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு கொட்டையின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போட்டு, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் நன்றாகப் பிசைந்து வடிகட்டுங்கள். டீ நிறத்தில், லேசான புளித்த வாடையோடு இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். வெளியே வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பட்டுப்புடவைக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை என்பேன். பட்டும் கம்பளியும் புரத இழைகள். சோப்பின் காரம் அவற்றின் மினுமினுப்பைக் கெடுக்கும். இந்தச் சாறோ லேசான அமிலம். வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் கலந்து, முறுக்காமல் அலசி, நிழலில் காயப்போடுங்கள். சட்டைக் காலர் அழுக்கு, எண்ணெய்க் கறை என்றால் இதை நம்பாதீர்கள். வெள்ளை வேட்டியை நான் தொடர்ந்து இதில் அலசி, பழுப்பேறிப் போனதுதான் மிச்சம்.

குளிக்க என்றால் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, பாசிப்பயறு மாவைக் குழைத்துத் தேயுங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். வறண்ட சருமம் என்றால் இன்னும் வறளும். கண்ணில் பட்டால் சீயக்காய் மாதிரியே எரியும்.

மீன் வளர்ப்பவர்கள் இந்தச் சாறு கலந்த தண்ணீரைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள், சபோனின் மீனுக்கு விஷம்.