பிரித்து வேலை பார்த்த எஞ்சின் வெண்புகை விட்டால் பம்ப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த, மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட டிராக்டர் இருக்கிறது. ஆயில் அதிகம் குடித்ததால் எஞ்சினை முழுவதும் பிரித்து, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். ஹெட்டையும் தேய்த்து, வால்வ் சீட் (வால்வ் வந்து உட்காரும் வளையம்) வெட்டி மாட்டினார்கள். இப்போது காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் அடிக்கும்போதே சைலன்சரில் வெண்புகை வருகிறது. ஸ்டார்ட் ஆன பிறகும் சில நிமிடங்கள் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு ஓடுகிறது. புகையில் நின்றால் கண் எரிகிறது. சூடேறியதும் சரியாகிவிடுகிறது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயிலும் லேசாகப் புகை தெரிகிறது. பிரிப்பதற்கு முன் ஸ்டார்ட்டிங் தொல்லை இருந்ததே இல்லை. டீசல் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்குப் பம்ப்பில் கை வைக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே அதற்கான காரணம் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போதே வெண்புகை வருகிறது என்றால், டீசல் சிலிண்டருக்குள் போய்ச் சேர்கிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். கண்ணை எரிக்கும் அந்தப் புகை எரியாத டீசலின் ஆவிதான். பம்ப் டீசலைத் தள்ளவே இல்லை என்றால் புகையே இருக்காது. எஞ்சின் சூடேறியதும் குறை மறைவதால், குளிர்ந்த நிலையில் சிலிண்டருக்குள் போதிய வெப்பம் உண்டாகவில்லை என்பது தெரிகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16, 17 மடங்கு நெருக்கும்போது எழும் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. எனவே அந்த வெப்பம் ஏன் குறைந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள். புதிதாக வேலை பார்த்த எஞ்சின் இறுக்கமாக இருக்கும். பழைய பேட்டரியால் அதை வேகமாகச் சுழற்ற முடியாமல் போகலாம். மெதுவாகச் சுழலும்போது நெருக்கப்பட்ட காற்று ரிங் வழியே கசியவும், வெப்பத்தைச் சிலிண்டர் சுவருக்கு இழக்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள்; 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். வோல்ட் இறங்காமலேயே எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் கேபிள்களையும் எர்த் இணைப்பையும் பாருங்கள். வேலை முடிந்ததும் எஞ்சினுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, அந்தப் பெயின்ட்டின் மேலேயே எர்த் கேபிளை வைத்து முடுக்கிவிடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

அடுத்து, விட்டுவிட்டு ஓடும் சிலிண்டர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். காலையில் எஞ்சின் தடுமாறி ஓடும்போதே, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்று தளர்த்திவிட்டு மீண்டும் முடுக்குங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் உடனே மாறும். எரியாத சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் மாற்றம் எதுவும் தெரியாது. நட்டின் மேல் தடித்த துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள், கண்ணாடி அணியுங்கள், விரலை ஒருபோதும் கசிவுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

குறையுள்ள சிலிண்டர் தெரிந்ததும், அதன் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். அடியிலிருக்கும் பழைய செம்பு வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, புதிய வாஷரைப் போடச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர் விழுந்தால் இன்ஜெக்டரின் நுனியான நாசில் மேலேறி, டீசல் தெளிக்கும் இடமே மாறிவிடும். குறை பக்கத்துச் சிலிண்டருக்குப் போய்விட்டால் இன்ஜெக்டர்தான் காரணம். நாசிலைச் சோதித்து, சரிசெய்தால் போதும். குறை இருந்த இடத்திலேயே இருந்தால் அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது காற்று நெருக்கப்படும் அழுத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி தடுமாறினால், பம்ப்பை மாட்டும்போது டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) பின்தங்கிவிட்டதா, கியரில் ஒரு பல் தள்ளி மாட்டினார்களா என்று குறிகளை வைத்துப் பார்க்க வேண்டும். இதுவும் மாட்டிய விதத்தில் நேர்ந்த தவறே. பம்ப் இதற்குப் பொறுப்பல்ல.

பிரிப்பதற்கு முன் ஸ்டார்ட்டிங் சரியாக இருந்தது என்றும், ஹெட்டைத் தேய்த்து வால்வ் சீட் வெட்டினார்கள் என்றும் எழுதியிருப்பதால், என் சந்தேகம் ஹெட்டின் மேல்தான் விழுகிறது. ஒவ்வொரு முறை சீட்டை வெட்டும்போதும் வால்வ் ஹெட்டுக்குள் இன்னும் சற்று ஆழமாகப் போய் உட்காரும். இரண்டரை லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கும் விகிதம் 17 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது காற்றுக்கு மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 52 கன சென்டிமீட்டர்தான். இரண்டு வால்வும் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் ஆழத்துக்குப் போனால் அதோடு இரண்டு கன சென்டிமீட்டருக்கு மேல் சேரும். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் அரை மில்லிமீட்டர் கூடுதல் தடிமனாக இருந்தால் இன்னும் மூன்று சேரும். இரண்டும் சேர்ந்தால் 17 என்ற விகிதம் ஏறக்குறைய 15.5-க்கு இறங்கிவிடும். சூடான எஞ்சின் அதைச் சமாளித்துக்கொள்ளும். குளிர்ந்த காலையில் சமாளிக்க முடியாது. ஹெட்டின் முகத்தைத் தேய்த்திருந்தால் வால்வின் ஆழம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான்; ஆனால் எவ்வளவு தேய்த்தார்கள், எவ்வளவு வெட்டினார்கள் என்பதை யார் அளந்து எழுதிவைத்தார்கள்?

எனக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். எஞ்சின் வேலைக்கான பில்லில் உதிரிபாகங்களின் பெயரும் கூலியும் இருக்கும். வால்வ் ஆழம், பிஸ்டன் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு எழுகிறது, லைனருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி என்று ஒரே ஓர் அளவுகூட இருக்காது. அளவுகள் அடங்கிய சர்வீஸ் புத்தகம் விவசாயியின் கைக்கு எட்டுவதே இல்லை. எனவே அளவு தெரியாதவர் வேலை செய்கிறார், அளவு கேட்கத் தெரியாதவர் பணம் கொடுக்கிறார், குறை வந்ததும் பழி பம்ப்பின் மேல் விழுகிறது. பம்ப் விற்பவரிடமிருந்து பரிந்துரைப்பவருக்குப் பங்கு போகும் இடங்களும் உண்டு. கழற்றிக் கொடுத்த நல்ல பம்ப் பெயின்ட் அடிக்கப்பட்டு இன்னொருவரின் டிராக்டரில் ஏறுவதும் நடக்கிறது. கம்ப்ரஷன் மீட்டரை வைத்து மூன்று சிலிண்டரின் அளவையும் எழுதிக் காட்டாமல் பம்ப்பை மாற்றச் சொல்பவரிடம், முதலில் அந்த எண்களைக் கேளுங்கள். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது 25 முதல் 30 பார் அளவுக்குக் கம்ப்ரஷன் இருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பம்ப்பே குற்றவாளியாகும் ஒரு நிலையும் உண்டு. அதை உங்கள் குறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும் எஞ்சின், வேலை செய்து சூடேறி, நிறுத்திய சிறிது நேரத்தில் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால், அதுவும் ஒரே சுழலும் பாகம் எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் ரோட்டரி வகைப் பம்ப்பாக இருந்தால், பம்ப்பின் உள்ளே தேய்மானம் இருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளியில் கசிவதால், செல்ஃப் வேகத்தில் இன்ஜெக்டரைத் திறக்கும் அழுத்தம் உருவாகாது. அப்போது சைலன்சரில் புகையும் வராது. நின்ற எஞ்சினில் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அது ஆறியபின் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் பெரும்பாலும் உறுதியாகும். அதற்காக ஓடும் எஞ்சினின் சூடான பம்ப்பில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். வெளி உறை சட்டென்று சுருங்கி உள்ளே சுழலும் பாகத்தைப் பிடித்துவிடும், இருந்த பம்ப்பும் போய்விடும். உங்கள் டிராக்டரின் குறை இதற்கு நேர் எதிரானது: குளிரில் தொல்லை, சூட்டில் நலம், கண்ணெதிரே புகை.

பிரீதர் புகைக்கு வருகிறேன். புது ரிங் இன்னும் சுவரோடு பொருந்தி உட்காராததால் வாயு கீழே கசிவதன் அடையாளம் அது. முதல் ஐம்பது மணி நேரம் ஐடிலிலேயே ஓட்டுங்கள், வேலை கொடுக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பலருக்கும் சொல்லப்படும் யோசனை அது. புது ரிங்குக்கு இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது சிலிண்டருக்குள் எழும் வாயு அழுத்தம். சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தம் இல்லை. ஹோனிங் செய்த (கல்லால் உரசிக் குறுக்குக் கோடு போட்ட) சுவரின் கோடுகளில் எரிந்த ஆயில் படிந்து, சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். அதன்பின் ரிங் உட்காராது, ஆயிலும் குறையும், கம்ப்ரஷனும் கசியும். இப்போதே டிராக்டரை உழவுக்கு விடுங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு, முழு இழுவையின் முக்கால் பங்கு வரை சுமை கொடுத்து, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள்; வெப்பமானியில் கண் இருக்கட்டும். பிரீதர் புகை நாளுக்கு நாள் குறைந்தால் ரிங் உட்காருகிறது என்று பொருள். குறையவே இல்லை என்றால் லைனரை மீண்டும் ஹோனிங் செய்ய வேண்டிவரும்.

தினமும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் எஞ்சினை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, டீசல் எங்கிருந்து கலக்கிறது என்று கண்டுபிடியுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்ப்ரேயைக் காற்று வழியில் அடிப்பதையும் அடியோடு நிறுத்துங்கள். அது நேரம் தவறி வெடித்துப் புது ரிங்கை உடைக்கும், சூடேற்றும் கருவி உள்ள எஞ்சினில் மேனிஃபோல்டிலேயே தீப்பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு கம்ப்ரஷன் குறைவாகவே இருந்து ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், கழற்றும்போது நீங்களும் பட்டறையில் இருங்கள். வால்வ் ஆழத்தையும் பிஸ்டன் எழும் அளவையும் டயல் கேஜ் வைத்து உங்கள் முன்னால் அளந்து, அந்த எஞ்சினுக்குரிய வரம்போடு ஒப்பிட்டு, பில்லின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வால்வ் ஆழம் வரம்பைத் தாண்டியிருந்தால் புது சீட் அடித்துத் தருவது வேலை செய்த பட்டறையின் பொறுப்பு. அதற்குத் தனிக்கூலி கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.