ஆர்சி விமானத்தின் கீல்களை ஒட்ட சூப்பர் க்ளூ போதுமா, எபாக்ஸி வேண்டுமா?

கேட்டிருப்பவர் நாகர்கோவிலில் கல்லூரி மாணவர். பால்சா என்ற லேசான மரத்தில் ஒரு ட்ரெய்னர், அதாவது ஓட்டப் பழகுவதற்கான ரிமோட் விமானம், கட்டுகிறார். இறக்கையின் பின் விளிம்பில் அசையும் எய்லரான், வாலில் அசையும் எலிவேட்டர், ரட்டர் மூன்றுக்கும் கீல் ஒட்ட வேண்டும், எந்தப் பசை நல்லது என்று கேட்கிறார். நானும் இதே மாவட்டத்துக்காரன், பல வருஷமாக இந்த வேலையில் கிடப்பவன். அதனால் நம்ம ஊர்க் காற்றையும் ஈரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்தக் கீல் என்று பாருங்கள் தம்பி. எந்தப் பசை என்பதைக் கீல்தான் முடிவு செய்யும். துணி போலச் சொரசொரப்பாக, மெல்லிய அட்டை மாதிரி வளையும் கீல் என்றால் அதற்கு நீர் போல ஓடும் சூப்பர் க்ளூ மட்டும்தான். நடுவில் கம்பி போட்ட நைலான் கீல், இல்லையென்றால் குச்சி போல உருண்டையான கீல் என்றால் எபாக்ஸி, அதாவது ரெசினையும் ஹார்டனரையும் கலந்து ஒட்டும் பசை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் தரையில் ஒட்டியது போலத்தான் இருக்கும். வானத்தில்தான் தெரியும்.

எனக்கு அது பூதப்பாண்டி பக்கம் கும்பப்பூ அறுவடை முடிந்த ஒரு வயலில் தெரிந்தது. மூன்றாவது தடவை ஏற்றியிருந்தேன். கொஞ்சம் வேகமாக இறக்கி மேலே இழுத்தபோது 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். வலது எய்லரான் அதிர்கிறது என்று புரிவதற்குள் அது, அதை அசைக்கும் சர்வோ மோட்டாரின் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. விமானம் வரப்பில் மூக்கைக் குத்தி நின்றது. ஓடிப்போய் எய்லரானை எடுத்துப் பார்த்தேன். மூன்று கீலும் உறையிலிருந்து கத்தி வந்தது போல முழுசாக வெளியே வந்திருந்தன. கீலின் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. விளிம்பில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பசைக் கோடு. உள்ளே ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

தப்பு முழுக்க என்னுடையது. கெட்டியான சூப்பர் க்ளூவைக் கீலின் மேல் தடவி, மரத்தில் கீலுக்காகக் கீறிய வெட்டில் சொருகியிருந்தேன். சொருகும்போது வெட்டின் வாயே பசையை வழித்துத் தள்ளிவிடும். மிச்சம் இருப்பதும் நம்ம ஊர் ஈரத்தில் உள்ளே போவதற்குள் பிடித்துவிடும். சூப்பர் க்ளூ இறுகுவதே காற்றிலும் மரத்திலும் இருக்கும் ஈரத்தை வைத்துத்தான். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. இங்கே அந்தப் பசைக்கு ஈரம் தட்டுப்படாத நாளே குறைவு.

துணிக் கீலுக்குச் சரியான முறை இதுதான். கீலைச் சொருகி முடிக்கும் வரை பசை கிட்டேயே வரக்கூடாது. வெட்டின் நடுவில், கீல் மறையும் இடத்தில், சுமார் 2 மில்லிமீட்டர் துரப்பணத்தால் உள்நோக்கி ஒரு துளை போடுங்கள். பசை ஆழமாக இறங்குவதற்கு அது வாய்க்கால். கீலின் நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி, பாதி இறக்கையிலும் பாதி எய்லரானிலும் இருக்குமாறு காய்ந்த நிலையிலேயே சேருங்கள். குண்டூசியை உருவிவிட்டு எய்லரானை முழுக்க ஒரு பக்கம் வளைத்துப் பிடியுங்கள். இடைவெளியில் கீல் தெரியும். அதன் மேல் சொட்டுச் சொட்டாக ஐந்தாறு சொட்டு. ஒவ்வொரு சொட்டும் துணியில் விழுந்த உடனே ஈரம் பரவுவது போல மறைய வேண்டும். மறைந்த பிறகு அடுத்த சொட்டு. பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே போல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஆக்ஸிலரேட்டர் அடிக்காதீர்கள். அடித்தால் பசை வாயிலேயே கல்லாகிவிடும். பத்து நிமிஷம் விட்டு, பைய மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். முதலில் விறைப்பாக இருக்கும், இருபது முப்பது தடவை அசைத்தால் இளகிவிடும்.

வீட்டில் கிடக்கும் பசை இதற்கு ஆகுமா என்று பார்க்க ஒரு பால்சாத் துண்டே போதும். அதன் மேல் ஒரு சொட்டு விடுங்கள். சட்டென்று உறிஞ்சிவிட்டால் நல்ல பசை. முத்து மாதிரி மேலேயே நின்றால் அது பழசாகிக் கெட்டியாகிவிட்டது, வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்கக் கூடாது, குளிர் போகும் வரை காத்திருங்கள். இல்லையென்றால் உள்ளே வியர்த்துப் பசை பாழாகும். திறந்த பாட்டிலைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

இன்னொன்று, சிந்திய சூப்பர் க்ளூவைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தி பட்டால் அது வேகமாக இறுகிக் கொதிக்கும், புகைகூட வரும், கை வெந்துவிடும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இப்போது எபாக்ஸி. நைலானில் சூப்பர் க்ளூ நம்பும்படி பிடிக்காது. வெள்ளை மரப்பசையும் பிடிக்காது, அது மரத்துக்கு மரம்தான். நைலான் கீலின் இரண்டு இலைகளையும், அதாவது வெட்டுக்குள் போகும் தட்டைப் பகுதிகளையும், உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். இலையில் இருக்கும் ஓட்டைகள் வழியாகப் பசை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் இறுகினால் ஆணி அடித்தது போலப் பிடிக்கும். வெட்டுக்குள்ளும் ஒரு பல்குச்சியால் பசையைத் தள்ளுங்கள். கீலில் மட்டும் தடவினால் போதாது.

கீலின் முட்டியில், அதாவது கம்பி சுழலும் இடத்தில், பசை போனால் கீல் செத்தது. முன்னால் நான் அங்கே வெளிச்செண்ணெய், அதாவது தேங்காய் எண்ணெய், தடவுவேன். அது ஒழுகி இலைக்குப் போய்விடும், பிறகு அங்கே பசையும் பிடிக்காது. வாஸ்லின் வைத்த இடத்திலேயே நிற்கும். ஒரு பல்குச்சி நுனியில் எடுத்து முட்டியில் மட்டும் வையுங்கள்.

ஐந்து நிமிஷ எபாக்ஸி நம்ம ஊர் மதிய வெயிலில் மூன்று நிமிஷம்கூடத் தாங்காது. அதுவும் மூடியிலோ கப்பிலோ குவியலாகக் கலக்கினால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். ஒரு பழைய டைல் துண்டில் பரப்பிக் கலக்குங்கள், கூடுதல் நேரம் கிடைக்கும். ஆறு கீல் ஒட்ட வேண்டுமென்றால் முப்பது நிமிஷ எபாக்ஸிதான் நிதானம். அரால்டைட்டின் மெதுவாக இறுகும் சாதாரண வகை என்றால் ராத்திரி ஒட்டிவிட்டுப் படுக்கலாம். காலையில் எழுந்து அசைத்துப் பார்க்கலாம்.

இங்கே கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபைபர் வள்ளம் கட்டுகிற இடத்தில் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைத்து ரெசினின் வேகத்தை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாலியஸ்டர் ரெசின். எபாக்ஸியில் அந்தக் கணக்கு செல்லாது. இதில் ஹார்டனர் ரெசினோடு சேர்ந்து ஒன்றாகிற பொருள். பாக்கெட்டில் போட்ட அளவுதான் அளவு. வேகமாகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இரண்டு நாள் கழித்தும் ரப்பர் போல நெகிழ்ந்தே கிடக்கும். வள்ள ரெசினைக் கொண்டுவந்து தெர்மாகோல் இறக்கையில் ஊற்றிவிடவும் வேண்டாம், தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும்.

அப்புறம் தெர்மாகோலைப் பற்றியும் ஒரு வரி. சாதாரண சூப்பர் க்ளூவும், கரைப்பான் வாசனை அடிக்கும் ரப்பர் பசையும் அதைத் தின்றுவிடும். ஃபோமுக்கென்றே விற்கும் சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி போடுங்கள். சின்ன ஃபோம் விமானத்துக்கு நல்ல டேப் கீலே போதும். க்ளூ கன் பசை சுலபம்தான், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகிவிடும்.

உங்கள் ட்ரெய்னர் இரண்டு கிலோவுக்குள் இருந்தால் துணிக் கீலும் நீர் போல ஓடும் சூப்பர் க்ளூவும் தாராளம். நானாக இருந்தால் அதைத்தான் போடுவேன். மூன்று கிலோ தாண்டினால் கம்பிக் கீலும் எபாக்ஸியும். இறக்கைக்கும் எய்லரானுக்கும் நடுவில் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இடைவெளியும் கீலின் ஆட்டமும் கூடினால் எய்லரான் அதிர ஆரம்பிக்கும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அதை இன்னும் கிளப்பும். அந்த மாசங்களில் காலையில் காற்று எழுவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள்.

ஒட்டி முடிந்ததும் ஒவ்வொரு கீலுக்கும் நேரே எய்லரானைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மெதுவாக இல்லை, ஒரு கதவுக் கொண்டியை இழுப்பது போல. ஒன்று கழன்று வந்தால் அதே வெட்டில் திரும்பவும் பசை விட்டு ஒட்டாதீர்கள். உள்ளே ஏற்கெனவே இறுகிய பசை புதுப் பசையை மரத்தில் இறங்க விடாது. பக்கத்தில் ஒரு விரலகலம் தள்ளிப் புது வெட்டுப் போட்டு, புதுக் கீல் வையுங்கள்.