ஜீப்பை விற்றுவிட்டு மலைக்குப் போவதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

எங்களுக்குத் தேனி மாவட்டம் கம்பம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடியக்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயந்திரம் திரும்பக் கூட்டிவருவார். காய் எடுக்கிற காலத்தில் நானும் அதே ஜீப்பில் வேலைக்குப் போவேன். போன வருசம், 2020 மார்ச்சில், கொரோனாவால் எல்லையை அடைத்ததோடு எங்கள் பிழைப்பு போனது. நடுவில் கொஞ்ச மாதம் ஓடியது. இந்த வருசம் மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடியும் நின்றுவிட்டது. இப்போது மேலே போகக் கேரளாப் பக்கம் பாஸ் கேட்கிறார்கள். கீழே இறங்கும்போது ஆகஸ்ட் 5ஆம் தேதியிலிருந்து நம் பக்கம் பரிசோதனைச் சான்று, இல்லையென்றால் இரண்டு ஊசியும் போட்ட சான்று கேட்கிறார்கள். தினமும் போய்வருகிற கூலி ஆட்கள் எங்கே போவார்கள் சான்றுக்கு? ஜீப் வாசலிலேயே நிற்கிறது.

ஜீப்புக்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் மாதம் 9,500 ரூபாய் டியூ. மார்ச் மாதம்வரை பாக்கி வைத்ததில்லை. மே மாதத்திலிருந்து கட்டவில்லை. என் செயின் அடகுக் கடையில் இருக்கிறது, நூற்றுக்கு இரண்டு வட்டி. மகள் இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாவது போகிறாள். ஃபீஸ் கட்டச் சொல்லி ஸ்கூலில் இருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. ரேசன் அரிசியும், மே மாதமும் ஜூன் மாதமும் அரசு கொடுத்த 4,000 ரூபாயும்தான் எங்களை இதுவரை கொண்டுவந்து சேர்த்தது.

சிக்கனம் எனக்குப் புதுசு இல்லை. கேஸை மிச்சம் பிடித்து விறகில் சமைக்கிறேன். பாலை நிறுத்தி, மகளுக்கு மட்டும் கால் லிட்டர் வாங்குகிறேன். அவருக்குக் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் ராத்திரி கேப்பை அடை. அதில் குறை வைக்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவர் கடன் சொல்லிக் கோழிக்கறி வாங்கிவந்தார். நான் சத்தம் போட்டேன். "எல்லாத்துக்கும் கணக்குப் பாக்குற, இது வீடா கடையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மகள் அழுதாள்.

அவருடைய திட்டம் இது. ஜீப்பை விற்றுக் கடனை அடைப்பது. மேலே ஒரு தோட்டத்தில் தங்கி வேலை பார்க்க ஆள் கேட்கிறார்கள், தொழிலாளர் லயத்தில் வீடு தருகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் தை மாதம்வரை அங்கே தங்கிக் காய் எடுப்பது. மகளும் அத்தையும் கம்பத்திலேயே இருப்பது. திருப்பூரில் இருக்கும் கொழுந்தனாரும் அதுதான் சரி என்கிறார். கேரளாவில்தான் இப்போது நோய் அதிகம் என்று நியூஸில் சொல்கிறார்கள். அவருக்கு ஒரு ஊசிதான் ஆகியிருக்கிறது, அடுத்தது செப்டம்பர் கடைசியில். எனக்கு இரண்டும் ஆகிவிட்டது. அத்தை இன்னும் போடவில்லை, பயப்படுகிறார். இதற்கு நடுவே அத்தையின் சுருக்குப் பையில் பாதி பாதியாக உடைத்த சர்க்கரை மாத்திரைகளைப் பார்த்தேன். கேட்டால், "உள்ளதை வச்சு ஓட்டுறேன் தாயி" என்கிறார்.

நான் போகமாட்டேன் என்று சொன்னதால் வீட்டில் பேச்சே இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. நான் பிடிவாதம் பிடிக்கிறேனா? கஞ்சம் ஆகிவிட்டேனா?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி
ஆகஸ்ட் 2021


அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லோருடைய சாப்பாட்டையும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரருக்கு மூன்று வேளை, அத்தைக்குக் கேப்பை அடை, மகளுக்குப் பால். நீங்கள் ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. என் கேள்விக்கு நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டாம். இன்று ராத்திரி தட்டைப் போட்டு உட்காருங்கள், போதும்.

கஞ்சத்தனம் என்பது கையில் இருந்தும் கொடுக்காதது. உங்களிடம் அது இல்லை. உங்கள் வீட்டில் நான் பார்ப்பது வேறு. ஆளுக்கு ஆள் தனித்தனியாக, அடுத்தவருக்குத் தெரியாமல் மிச்சம் பிடிக்கிறீர்கள். அத்தை மாத்திரையை உடைக்கிறார். நீங்கள் உங்கள் வயிற்றில் மிச்சம் பிடிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தனக்குச் சோறு போட்ட வண்டியையே விற்றுத் தியாகம் செய்யப் பார்க்கிறார். மகளும் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருப்பாள், கேட்டுப்பாருங்கள். இப்படி இருக்கும் வீட்டில் உண்மையான வரவு எவ்வளவு, தேவை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் முடிவுகள் சண்டையாகத்தான் வெளியே வரும். அந்தக் கோழிக்கறிச் சண்டை கறியைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதமாகச் சும்மா இருக்கும் மனிதர், தன் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கொண்டுவந்து கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். நீங்களோ அந்தக் கடனை எந்த ரூபாயில் அடைப்பது என்று அந்த நொடியே யோசித்திருக்கிறீர்கள். இரண்டு பேர் மனதிலும் இருந்தது குடும்பம்தான்.

முதலில் அத்தை. மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரையை நம் இஷ்டத்துக்கு உடைத்துப் போட்டால் சர்க்கரை ஏறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைக் கொரோனா கடுமையாகத் தாக்குகிறது. இந்த அலையில் கருப்புப் பூஞ்சை நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கம்பம் அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போய் சர்க்கரை பாருங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அங்கே மாத்திரை இலவசம். டவுன் பஸ்ஸில் உங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் இல்லை. வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் பகுதிக்கு எப்போது வரும் என்று சுகாதார செவிலியரிடம் கேட்டுவையுங்கள். ஊசிக்கு அத்தை பயப்படுகிறார் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வாயால் சொல்லவையுங்கள். நீங்கள் இரண்டும் போட்டு நடமாடுவதைத் தினமும் பார்க்கிறார், அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது ஜீப். இந்த மாதிரிக் காலத்தில் எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. திருப்பிக்கொள்ள முடிந்த முடிவை இப்போது எடுக்கலாம், திருப்ப முடியாததைத் தள்ளிப்போடலாம். ஜீப்பை விற்றால் திரும்ப வாங்குவது கஷ்டம். அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ ஜீப்புகள் வாசலில் நிற்கும்போது விற்றால் நல்ல விலையும் கிடைக்காது. பாதை திறந்ததும் ஆட்களை ஏற்ற வண்டி வேண்டும், அப்போது உங்களிடம் இருக்காது. 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்வரை போன ஏலக்காய் இப்போது எந்த அளவுக்கு இறங்கிக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இந்த விலையில் தோட்டக்காரர் தை மாதம்வரை இதே கூலி கொடுப்பாரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டியூவுக்கு ஒரு வழி இருக்கிறது. தொற்றால் வருமானம் போன தனி நபர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் கடனை மாற்றியமைத்துத் தர ரிசர்வ் வங்கி இந்த மே மாதம் அனுமதி கொடுத்திருக்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். மார்ச் 31 நிலவரப்படி வராக்கடன் ஆகாத கணக்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நீங்கள் மார்ச்வரை ஒழுங்காகக் கட்டியவர்கள். செப்டம்பர் 30க்குள் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தருவதும் மறுப்பதும் அவர்கள் கையில்தான். தந்தாலும் வட்டி நிற்காது, தவணை நீளும். அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள். செயினை அடகுக் கடையில் இருந்து மீட்டுக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ மாற்றி வைக்க முடிந்தால், வருசத்துக்கு நூற்றுக்கு 24 ரூபாய் வட்டி என்பது நன்றாகவே குறையும்.

பள்ளிக்கூடம். வருமானம் இழந்த பெற்றோரிடம் 75 விழுக்காடு கட்டணம்தான் வாங்க வேண்டும், அதையும் ஆறு தவணையாக வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 30 அன்று சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் முடியாது என்றால் அரசுப் பள்ளியில் சேர்ப்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. உங்கள் மகள் இப்போதுதான் ஆறாவது போகிறாள். மாறுவதென்றால் இதுதான் சரியான வகுப்பு. ஆனால் அவளிடம் பேசாமல் மாற்றாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பணக் கஷ்டம் புரியும். தன்னைக் கேட்காமல் தோழிகளை இழக்கவைத்தால்தான் புரியாது.

நீங்கள் இரண்டு பேரும் மேலே போய்த் தங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் தயக்கத்தைப் பிடிவாதம் என்று நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை. சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி இன்னும் திறக்கவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருக்கும் குழந்தையும், மாத்திரையை உடைத்துப் போடும் பெரியவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, நடுவில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டி இருப்பது சரிவராது. அத்தைக்கு ஒரு காய்ச்சல் என்றால் அன்றைக்கே இறங்க முடியுமா?

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சும்மா இருக்கவும் முடியாது. அவர் மட்டும், இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, அதாவது அக்டோபர் பாதியில், தங்கல் வேலைக்குப் போகலாம். காய் எடுப்பு அப்போது மும்முரமாக இருக்கும். இறங்கும்போது காட்ட அவரிடம் சான்றும் இருக்கும். அதுவரை மாவட்டத்துக்குள்ளேயே திராட்சை லோடு, காய்கறி லோடு என்று ஜீப்பை ஓட்டமுடியுமா என்று அவரே விசாரிக்கட்டும். டீசல் போக என்ன நிற்கும் என்று கணக்குப் போட அவரைவிடத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இல்லை.

இவற்றை நான் சொன்னதாக அவர் முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு பேரும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். வருவது எவ்வளவு, கொடுக்கவேண்டியது யார் யாருக்கு எவ்வளவு என்று அவர் கையாலேயே எழுதட்டும். ஒவ்வொருவரும் தான் எதை ரகசியமாக நிறுத்தி வைத்திருக்கிறார் என்று சொல்லட்டும். நீங்கள் முதலில் சொல்லுங்கள், அப்போதுதான் அத்தைக்கும் வாய் வரும். கொழுந்தனாரைப் போனில் கடைசியாகக் கூப்பிடுங்கள். முடிவு உங்கள் நான்கு பேருடையது, அவர் எவ்வளவு உதவ முடியும் என்று மட்டும் கேட்டால் போதும். எந்த முடிவு எடுத்தாலும் பக்கத்தில் ஒரு தேதி போடுங்கள்: 'அக்டோபர் 15 அன்று மறுபடி பேசுவோம்' என்று. நிரந்தரம் என்று நினைத்தால்தான் மனிதர்கள் இவ்வளவு பயந்து எதிர்க்கிறார்கள்.

அந்த நோட்டில் மாதம் 200 ரூபாயை அவர் பெயரிலும், 200 ரூபாயை உங்கள் பெயரிலும் தனியாக எழுதிவையுங்கள். அதில் என்ன வாங்கினாலும் யாரும் கேட்கக்கூடாது. அவர் கறி வாங்கட்டும், நீங்கள் பூ வாங்குங்கள். இந்த நெருக்கடியில் இதுவா முக்கியம் என்று தோன்றும். முக்கியம்தான். கணக்குக் கேட்கப்படாத கொஞ்சம் பணம் இல்லாத வீட்டில், ஒவ்வொரு செலவும் விசாரணை ஆகிவிடும்.

உங்கள் தூக்கம். ஜீப் கிளம்புகிற காலத்தில் நீங்கள் எழுந்து பழகிய நேரம்தான் அந்த மூன்று மணி என்று நினைக்கிறேன். உடம்பு இன்னும் அந்தப் பழக்கத்தில் இருக்கிறது. செய்தியைக் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை பாருங்கள், இருட்டிய பிறகு வேண்டாம். முழிப்பு வந்தால் படுத்தபடி கணக்குப் போடாமல் எழுந்து உட்காருங்கள். வரும் கவலைகளை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் படுங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை, அழுகை வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 104க்குப் போன் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். காய்ச்சலுக்குப் போவதுபோலத்தான் அதுவும்.

அத்தையின் சர்க்கரை அளவு எவ்வளவு வந்தது, ஃபைனான்ஸ் கம்பெனி என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். மறுத்தார்கள் என்றால் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்